காணொளித் தொகுப்புக்கும் விளையாட்டுக்குமான கணினி: பொருந்தும் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

காணொளித் தொகுப்பு, கணினி விளையாட்டு ஆகிய இரண்டுக்கும் பயன்படும் மேசைக் கணினியை ஆயத்தமாக வாங்காமல், பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் மாணவர்களிடையே பரவலாக உள்ளது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எல்லாப் பாகங்களும் சில்லறையாகக் கிடைக்கின்றன. பூட்டுவது கடினமன்று; ஒரு நட்சத்திரத் திருப்புளியும் அரை நாள் பொறுமையும் போதும். ஒன்றோடொன்று பொருந்தும் பாகங்களைத் தேர்வதுதான் கடினம். பெட்டி பிரித்த செயலியையோ மதர்போர்டையோ "பொருந்தவில்லை" என்று கொண்டுபோனால் பல கடைகள் திரும்பப் பெறுவதில்லை. வீட்டில் சேர்த்துவைத்த பணத்தில் வாங்கும் மாணவருக்கு இது சிறிய இழப்பன்று.

பொருத்தம் என்பதை மூன்று படிகளாகப் பார்க்கலாம். முதல் படி, பாகம் அதன் இடத்தில் உட்காருகிறதா என்பது. இரண்டாவது, உட்கார்ந்த பாகம் இயங்குகிறதா என்பது. மூன்றாவது, இயங்கும் பாகங்களில் ஒன்று மற்றொன்றை முடக்கி வைக்காமல் இருக்கிறதா என்பது. கடையில் "செட் ஆகும்" என்று சொல்லப்படும்போது அது பெரும்பாலும் முதல் படியை மட்டுமே குறிக்கும்.

வேலை எது என்பதிலிருந்து தொடங்குதல்

விளையாட்டுக்கு வேண்டியதும் தொகுப்புக்கு வேண்டியதும் முழுதும் ஒன்றல்ல. விளையாட்டில் நொடிக்கு எத்தனை சட்டங்கள் வரையப்படுகின்றன என்பதைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு தீர்மானிக்கிறது. காணொளித் தொகுப்பில் சுமை பல இடங்களில் விழுகிறது. அவற்றுள் பலர் கவனிக்கத் தவறுவது, கேமரா பதிவுசெய்யும் கோப்பைப் பிரித்துப் படிக்கும் வேலையாகும்.

கைப்பேசிகளும் மிர்ரர்லெஸ் கேமராக்களும் காணொளியை எச்.264 அல்லது எச்.265 என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. இம்முறையில் எல்லாச் சட்டங்களும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடைவெளிவிட்டுச் சில சட்டங்கள் மட்டும் முழுமையாக இருக்கும். மற்றவற்றில் அடுத்துள்ள சட்டங்களோடு ஒப்பிட்டு மாறிய பகுதி மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். தொடர்ந்து ஓடும்போது இதனால் சிக்கல் இல்லை. தொகுப்பவரோ காலக்கோட்டில் முன்னும் பின்னும் தாவுகிறார். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி, அருகிலுள்ள முழுச் சட்டத்திலிருந்து கணக்கிட்டு வந்தாக வேண்டும். காணொளி திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இந்த வேலையைத் தனியே செய்வதற்கென்று செயலியிலும் கிராபிக்ஸ் கார்டிலும் சிறு சுற்றுகள் உள்ளன. இன்டெல் செயலிகளில் அது குயிக் சிங்க் எனப்படுகிறது. இது செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் ஓர் அங்கம். எனவே பெயரின் இறுதியில் "எஃப்" என்ற எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் குயிக் சிங்க் கிடையாது. எஃப் வகை சற்று மலிவு. விளையாட மட்டுமே கணினி வாங்குபவர் அதைத் தயங்காமல் வாங்கலாம். தொகுப்புக்கு வாங்குபவர் அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்துவது பொய்ச் சிக்கனம்.

நிற விவரத்தைச் சேமிக்கும் விதமும் இங்கே முக்கியமாகிறது. திருமணப் படப்பிடிப்பில் புழங்கும் பல மிர்ரர்லெஸ் கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற நிற அமைப்பில் பதிவுசெய்கின்றன. இவ்வகை எச்.265 கோப்புகளை இன்டெல் 12ஆம் தலைமுறைச் செயலிகளின் கிராபிக்ஸ் பகுதி வன்பொருளிலேயே படித்துவிடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகளுக்கு அந்த வசதி இல்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்க்கப்பட்டது. விலை உயர்ந்த கார்டு போட்டும் காலக்கோடு ஏன் திணறுகிறது என்ற கேள்விக்குப் பல நேரங்களில் விடை இதுவே.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, 2022இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. குறைந்த செலவில் விளையாட விரும்பியோருக்கானது அது. அதில் எச்.264, எச்.265 கோப்புகளை உருவாக்கும் சுற்றே வைக்கப்படவில்லை. தவிர, அது மதர்போர்டோடு நான்கு பிசிஐஇ பாதைகளில் மட்டுமே பேசும். பிசிஐஇ 4.0 உள்ள புதிய மதர்போர்டில் இது தாங்கிக்கொள்ளத்தக்கது. 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் பாதையின் வேகம் பாதியாகி, விளையாட்டின் வேகமும் சரிகிறது. பழைய கணினிக்கு மலிவாக உயிரூட்ட நினைத்தவருக்கே அது மிகக் குறைவாகப் பயன்பட்டது.

செயலியும் மதர்போர்டும்

செயலி உட்காரும் இடம் சாக்கெட் எனப்படும். இன்டெல்லின் 10, 11ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1200. 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ 1851. இந்த எண்கள் தொடுமுனைகளின் எண்ணிக்கையைக் குறிக்கின்றன. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசை வரை ஏஎம்4. 2022இல் ரைசன் 7000 வரிசையோடு ஏஎம்5 வந்தது.

சாக்கெட் எண் ஒத்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எல்ஜிஏ 1151 நல்ல பாடம். இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைகளும் 8, 9ஆம் தலைமுறைகளும் இதே பெயருள்ள சாக்கெட்டைப் பயன்படுத்தின. 8ஆம் தலைமுறைச் செயலி, 6ஆம் தலைமுறைக்கான மதர்போர்டில் அழகாக உட்காரும், கணினி இயங்காது. 300 வரிசைச் சிப்செட் உள்ள மதர்போர்டு தேவை. பழைய பொருள் வாங்குவோர் இன்றும் இதில் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது பயாஸ். மதர்போர்டு தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்குப் பிறகு வெளியான செயலியை அது அடையாளம் காணாது. 2022 தொடக்கத்தில் வந்த பி660 மதர்போர்டுக்கு, அதே ஆண்டின் இறுதியில் வந்த 13ஆம் தலைமுறைச் செயலியைப் போட்டால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கக் கணினி ஓட வேண்டும். கணினி ஓடச் செயலி வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே சில மதர்போர்டுகளில், செயலி இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் பயாஸை மாற்றும் பொத்தான் பின்புறம் வைக்கப்படுகிறது. அது இல்லையென்றால், பெட்டியை வாங்கும்போதே கடையில் புதுப்பித்துத் தரச் சொல்வது நல்லது.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் செயலிகளை வாங்குவோர் பயாஸ் புதுப்பிப்பை இன்னொரு காரணத்துக்காகவும் தவிர்க்கக் கூடாது. அவற்றுள் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைவதாக 2024இல் தெரியவந்தது. இன்டெல் அதற்கான திருத்தத்தைப் பயாஸ் புதுப்பிப்பாக வெளியிட்டு, பாதிக்கப்படக்கூடிய செயலிகளின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் கெடுவதைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சீராக்காது. ஆகவே பயன்படுத்திய செயலியை வாங்குவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சிப்செட் என்பது மதர்போர்டின் தரநிலை போன்றது. இன்டெல்லில் எச்610 மிக எளியது; ராம் செருக இரண்டு இடங்களே இருக்கும், எம்.2 இடங்களும் குறைவு. பி760 நடுத்தரம். செயலியின் வேகத்தை உயர்த்திக்கொள்ள "கே" எழுத்துள்ள செயலியும் இசட் வரிசைச் சிப்செட்டும் சேர வேண்டும். "கே" செயலியைப் பி760இல் போட்டால் ஓடும்; கூடுதலாகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி வீண். ஏஎம்டியில் பி650 சிப்செட்டிலேயே வேகத்தை உயர்த்தலாம்.

இன்டெல் சாக்கெட்டிலும் ஏஎம்5இலும் மெல்லிய ஊசிகள் மதர்போர்டின் பக்கம் உள்ளன. ஒன்று வளைந்தாலும் ராமின் ஒரு பாதி தெரியாமற்போவது போன்ற விசித்திரக் கோளாறுகள் வரும். வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். பழுதுக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.

ராம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகளே. ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தில் செல்லாது. அழுத்திச் செருக முயலக் கூடாது. ஏஎம்5இலும் எல்ஜிஏ 1851இலும் டிடிஆர்5 மட்டுமே. எல்ஜிஏ 1700இல்தான் குழப்பம். ஒரே பெயரில் டிடிஆர்4க்கு ஒரு மதர்போர்டும் டிடிஆர்5க்கு இன்னொன்றும் விற்கப்படுகின்றன. பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் விவரப் பட்டியலைப் பார்ப்பதே உறுதி.

4கே காணொளியைத் தொகுக்க 32 ஜிகாபைட் ஏற்ற அளவு. அதை ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிகாபைட் அட்டைகளாக வாங்க வேண்டும். இரண்டாக இருந்தால் இரு தடங்களில் தரவு செல்லும். நான்கு இடமுள்ள மதர்போர்டில் பொதுவாகச் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும். டிடிஆர்5இல் நான்கு இடத்தையும் நிரப்பினால் வேகம் கணிசமாக இறங்கும். பின்னால் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கே அவ்வளவாகப் பலிப்பதில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் தானாக வராது. பயாஸில் இன்டெல்லுக்கு எக்ஸ்எம்பி, ஏஎம்டிக்கு எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் குறைந்த வேகத்திலேயே ஓடும் கணினிகள் நிறைய உள்ளன.

எஸ்எம்பிஎஸ்

மற்ற பாகங்களைத் தவறாகத் தேர்ந்தால் அந்தப் பாகம் மட்டும் வீண். எஸ்எம்பிஎஸ் தவறினால் மற்றவற்றையும் அது கொண்டுபோகலாம். இருந்தும் பட்ஜெட்டில் கடைசியாக மிஞ்சும் பணத்தையே பலர் இதற்கு ஒதுக்குகிறார்கள்.

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் உறையில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கலாம். பார்க்க வேண்டியது பக்கவாட்டிலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையின் ஆம்பியர் அளவு. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் உண்ணும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் அதிலிருந்தே வருகிறது. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், 12 × 16 = 192 வாட்தான் உண்மையில் பயன்படும். பெயரில் 450, பயனில் 192. "80 பிளஸ்" என்ற முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டும் காட்டும். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் உள்ளனவா என்பதை அது சொல்லாது.

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டின் செருகு இடத்திலிருந்து 75 வாட் வரை எடுக்கலாம். ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட் தரும். 165 வாட் கார்டுக்கு ஓர் எட்டு முனை இணைப்புப் போதும் என்பது இந்தக் கூட்டலிலிருந்தே தெரியும். செயலிக்கான எட்டு முனை இணைப்பும் ஏறத்தாழ இதே தோற்றம் கொண்டது. அதில் நேர்மின், எதிர்மின் முனைகள் இடம் மாறியிருக்கும். கார்டுக்கான இணைப்பு ஆறும் இரண்டுமாகப் பிரியும். செயலிக்கானது நான்கும் நான்குமாகப் பிரியும். இந்த அடையாளத்தை மனத்தில் கொள்ளலாம்.

2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டோடு பரவலான பதினாறு முனை இணைப்பு 600 வாட் வரை தாங்கக்கூடியது. முழுதும் உள்ளே செல்லாமல் தளர்வாக இருந்த இணைப்புகள் உருகியதாகச் செய்திகள் வந்தன. 2023இல் அதன் வடிவம் திருத்தப்பட்டது. எந்தப் பதிப்பானாலும், இடைவெளி தெரியாதபடி முழுதும் அழுத்தியிருப்பதும் இணைப்பின் அருகிலேயே கம்பியை மடக்காமல் விடுவதும் அவசியம்.

கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் இன்னோர் ஆபத்து உண்டு. வன்தட்டில் செருகும் முனைக்குத் தரநிலை உள்ளது. எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். வன்தட்டு அந்த நொடியே எரியும், அதிலுள்ள கோப்புகளும் போகும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கம்பிகளை அப்படியே விட்டுப் புதியதில் செருகும் சோம்பலால் ஒரு குடும்பத்தின் திருமணக் காணொளியே அழிந்துபோகலாம். எஸ்எம்பிஎஸ் மாறினால் கம்பிகள் அனைத்தும் மாற வேண்டும்.

வீட்டு மின்சாரமும் கணக்கில் சேரும். மூன்று முனைச் செருகியில் எர்த் சரியாக இல்லாத வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் லேசாக விறுவிறுக்கும். அது கேபினெட்டின் குறையன்று. மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிசெய்வதே தீர்வு.

கேபினெட்டும் வெப்பமும்

ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மி.மீ., மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ. பெரிய கேபினெட்டில் சிறிய மதர்போர்டு உட்காரும், மாறி நடக்காது. மேலும் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும்: கார்டின் நீளம், செயலியின் குளிர்விப்பான் உயரம். கோபுர வடிவக் குளிர்விப்பான்கள் 155 முதல் 165 மி.மீ. வரை உயரும். ஒல்லியான கேபினெட்டின் பக்கக் கதவு அவற்றோடு மூடாது.

பழைய குளிர்விப்பானைப் புதிய கணினிக்கு எடுத்துவர விரும்புவோர் அதன் துளைகளைக் கவனிக்க வேண்டும். எல்ஜிஏ 1200இல் துளைகளுக்கிடையே 75 மி.மீ., எல்ஜிஏ 1700இல் 78 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனாலும் புதிய பிடிப்பான் தேவை. ஏஎம்4 குளிர்விப்பான்கள் பெரும்பாலும் ஏஎம்5இல் பொருந்தும்.

குளிரூட்டப்பட்ட அறையில் செய்த சோதனைகளைக் காணொளியில் பார்த்துக் குளிர்விப்பானைத் தேர்வது சென்னைக்கோ மதுரைக்கோ ஒத்துவராது. மே மாதத்தில் அறையே 36, 37 பாகைக்கு ஏறிவிடும்போது உள்ளே இருப்பவை அதற்கும் மேலேதான் தொடங்கும். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக மூடிய கேபினெட் பார்வைக்கு அழகு. காற்றுக்கு வழி இல்லை. கம்பி வலை முகப்புள்ளதே இங்கே ஏற்றது.

சேமிப்பு

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. எம்.2 வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. முன்னதன் வேகம் நொடிக்குச் சுமார் 550 மெகாபைட். பின்னது பிசிஐஇ 4.0இல் 7,000 வரை செல்லும். 2280 என்பது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 இடத்தை நிரப்பினால் ஒரு சாட்டா இடம் செயலிழக்கும். கையேட்டில் சிறிய எழுத்தில் இது குறிக்கப்பட்டிருக்கும். வன்தட்டு பழுதானதாக எண்ணி மாற்றுவதற்கு முன் அதைப் படிப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

மலிவான எஸ்எஸ்டிகளில் விளம்பர வேகம் முதல் சில பத்து ஜிகாபைட் வரையே நிற்கும். 200 ஜிகாபைட் படப்பிடிப்பை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது நடுவழியில் வேகம் பலமடங்கு விழுந்துவிடும். விளையாட்டுக்கு இது உறைக்காது. தொகுப்பவருக்கு நாள்தோறும் உறைக்கும்.

ஒரு தொகுப்பின் கணக்கு

இன்டெல் கோர் ஐ5-14500, பி760 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 32 ஜிகாபைட் டிடிஆர்5, ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிகாபைட், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு வன்தட்டு என்று ஒருவர் பட்டியலிடுவதாகக் கொள்வோம். சாக்கெட் எல்ஜிஏ 1700, பொருந்தும். எஃப் வகை இல்லாததால் குயிக் சிங்க் உண்டு. 14ஆம் தலைமுறை பி760க்குப் பிறகு வந்ததால் பயாஸ் பதிப்பைக் கேட்க வேண்டும். மதர்போர்டின் பெயரில் டி4 இருக்கக் கூடாது.

மின்சாரம்: செயலி உச்சத்தில் 154 வாட், கார்டு 165 வாட், மற்றவற்றுக்கு 70 வாட் என வைத்தால் 389 வாட். கார்டுகள் சில மில்லிநொடிகளுக்குத் தம் அளவைத் தாண்டி இழுப்பதுண்டு. எனவே 550 வாட் குறைந்தபட்சம், 650 வாட் நிம்மதி. வீட்டில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். தட்டச்சு செய்யும்போது மின்தடை வந்தால் அது காப்பாற்றும். காணொளியை வெளியேற்றும்போதோ விளையாடும்போதோ வந்தால் யுபிஎஸ்ஸே அணைந்துவிடும். 600 வாட் தரும் 1,000 விஏ வகையை இந்தப் பட்டியலில் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

பூட்டிய பின் திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் செயலியின் கிராபிக்ஸ் பகுதியை அணைத்துவிடும். பயாஸில் அதை மீண்டும் இயக்காவிட்டால், எஃப் வகையை ஒதுக்கி வாங்கியதன் பயன் கிடைக்காது.

வாங்கும் முறை

எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்தில் வாங்குவது நல்லது. தள்ளுபடிக்காகச் செயலியை இப்போதும் மதர்போர்டை மூன்று மாதம் கழித்தும் வாங்கினால், செயலியைச் சோதிக்க முடிவதற்குள் அதை மாற்றித் தரும் காலம் கடந்துவிடும். பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கார்டு மலிவாக இருக்கலாம். அதற்கு இந்தியாவில் உத்தரவாதம் உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டபின் முடிவுசெய்ய வேண்டும்.

கேபினெட்டில் பூட்டுவதற்கு முன், மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, செயலி, குளிர்விப்பான், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் இணைத்துத் திரையில் பயாஸ் வருகிறதா என்று பார்க்கலாம். செயலிக்குள் கிராபிக்ஸ் பகுதி இருப்பதால் இதற்குக் கார்டுகூடத் தேவையில்லை. பயாஸ் வந்தால் இரண்டாவது ராமைச் செருகி 32 ஜிகாபைட்டும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்துக் கம்பியைப் பிடுங்கியபின் கேபினெட்டுக்கு மாற்றலாம்.